மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்ஸி எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வார்கள், வலிக்குமா?

மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) பைராட்ஸ் 4 என்று வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பைராட்ஸ் என்பது புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் போடும் எண். பயந்துவிடாதீர்கள். புற்றுநோயாக இருக்க 2 சதவீதம் வாய்ப்புள்ள கட்டியும் 95 சதவீதம் வாய்ப்புள்ள கட்டியும் அந்த ஒரே 4-க்குள்தான் வரும். சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிகிற கட்டி என்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. மல்லாந்து படுத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேல் வைக்க வேண்டும். மரத்துப்போக லிக்னோகெயின் போடும்போது சில விநாடி எரியும். பெரும்பாலோருக்கு வலி என்பது அவ்வளவுதான். பிறகு தோலில் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் கீறல். அதன் வழியே சதைத் துண்டு எடுக்கிற 14 கேஜ் ட்ரூகட் ஊசி போகும் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமனாகும்). விசையை அழுத்தியதும் 'டக்' என்ற சத்தத்தோடு ஊசி 2 சென்டிமீட்டர் வரை முன்னே பாயும். அந்தச் சத்தத்துக்குத்தான் பலர் துள்ளுவார்கள். துள்ளினால் ஊசி கட்டியைத் தவறவிடும். முதலிலேயே ஒருமுறை வெளியே தட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொதுவாக நாலைந்து துண்டு எடுப்பார்கள், பென்சில் கரித்தண்டு தடிமனில். பாட்டிலில் போட்டதும் மூழ்கினால் நல்லது. மிதப்பது பெரும்பாலும் வெறும் கொழுப்பு.

அந்த பாட்டிலில் இருக்க வேண்டியது சதையைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத ஃபார்மலின். சில இடங்களில் சலைனில் (உப்புநீர்) போட்டு, வேறு லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோபம் கோபமாக வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழாத சதையில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) பரிசோதனைகளை நம்ப முடியாது. மருந்தை முடிவு செய்வதே அவைதான். அதனால் "ஃபார்மலின்தானே?" என்று கேட்டுவிடுங்கள்.

மேமோகிராமில் மட்டும் தெரிகிற சுண்ணாம்புப் புள்ளிகள் என்றால் கதை வேறு. மார்பை அழுத்திப் பிடித்து, 9 கேஜ் போன்ற தடித்த வேக்குவம் ஊசியால் எடுப்பார்கள். எடுத்த துண்டையே எக்ஸ்ரே எடுத்து, புள்ளி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே ஒரு சின்ன உலோக கிளிப் வைப்பதும் உண்டு; அது தொந்தரவு செய்யாது.

வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள், தையல் கிடையாது. ஓரிரு நாள் கனம் தூக்க வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால். நீலம் பாரித்தது ஓரிரு வாரத்தில் மறையும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள்.

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஊசித் தடத்தில் சில செல்கள் இடம்மாறுவது உண்டு, மறுக்கவில்லை. அதனால் ஆயுள் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இன்னதென்று தெரியாமல் கட்டியை வெட்டியெடுத்துவிட்டு, இரண்டாவது ஆபரேஷனுக்குப் படுப்பதுதான் கொடுமை.

சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தாலும் ஸ்கேன் எடுத்தவரிடம் காட்டுங்கள். படமும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்வார். மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.