ஒரே இடியில் ஏழு மாடு எப்படிச் சாகும்?

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி மாடு வளர்க்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மாடுகள் வழக்கம்போல வேலியோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் ஒதுங்கின. ஒரே ஒரு இடிதான். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஏழு மாடு செத்துக் கிடக்கிறது. “மரம் முழுசாக நிற்கிறது, மாட்டின் உடம்பில் பெரிய காயமும் இல்லை. நடுவில் நின்ற ஒரு கிடாரிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு இடி ஏழு மாட்டைத் தேடித் தேடியா அடிக்கும்? யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் மச்சான், சாமி குத்தம் என்கிறார் அம்மா. பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு இடிதாங்கி வைத்தால் மிச்சம் பதினெட்டு மாட்டையும் காப்பாற்றலாம் என்று ஒருவர் வந்து நிற்கிறார். வைக்கலாமா?”

அண்ணா, பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பினாங்கில் இருபது வருஷமாக இடிதாங்கி வைப்பது, எர்த் போடுவது (மின்சாரத்தை மண்ணில் இறக்கும் வேலை), இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் தொழிலைக் கெடுக்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் ஏழு மாட்டையும் மின்னல் தேடி அடிக்கவில்லை. அது விழுந்தது மரத்தில். (இடி விழுந்தது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம், விழுவது மின்னல், இடி அதன் சத்தம் மட்டும்.) மழையில் நனைந்த மரப்பட்டை வழியாக மின்சாரம் வேருக்கு இறங்கி நாலா பக்கமும் மண்ணில் பரவியது. மாடுகளைக் கொன்றது அவற்றின் காலடியில் இருந்த அந்த மண்தான்.

ஒரு கறையான் புற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் இறங்கிய அந்த நொடியில் மரத்தைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத புற்று மாதிரி வோல்டேஜ் எழும்பி நிற்கிறது. மரத்தடியில் உச்சி, கொஞ்ச தூரம் வரை செங்குத்தான சரிவு, போகப் போகச் சமதரை. மரத்தைப் பார்த்து நிற்கும் மாட்டின் முன்கால்கள் இந்தப் புற்றில் மேலே இருக்கும், பின்கால்கள் கீழே இருக்கும். மேலே இருந்து கீழே தண்ணீர் ஓடுவது போல மின்சாரம் முன்காலில் ஏறி, நெஞ்சுக்கூட்டைத் தாண்டி, பின்காலில் இறங்கிவிடும். வழியில் இருப்பது இதயம்.

கணக்காகவே பார்ப்போம். சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் வரும், வயலோரத்து ஈர மண் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்திலிருந்து 10 மீட்டரில் நிற்கும் மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 6,000 வோல்ட் போல வருகிறது, 20 மீட்டரில் 1,600. அதே 20 மீட்டரில் ஒரு அடி இடைவெளியில் பாதங்களை வைத்து நிற்கும் மனிதனுக்கு 350 சுமார்தான், அதுவும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும், பெரும்பாலும் நெஞ்சுப் பக்கம் போகாது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் இதயத்தின் தாளத்தை நிறுத்த அந்த நேரம் போதும். நாலு கால், அதுவும் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், மாட்டுக்குப் பிறவியிலேயே வந்த ஆபத்து இது. மணல், பாறை மேல் படிந்த மெல்லிய மண் என்றால் புற்று இன்னும் உயரமாக எழும்பும், புக்கிட் மெர்தாஜம் பக்கம் மலையடிவாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கிடாரி எப்படித் தப்பியது? எனக்கு இதுதான் தோன்றுகிறது: மற்ற மாடுகள் மரத்தைப் பார்த்தபடியோ, மரத்துக்கு முதுகு காட்டியோ நின்றிருக்கும். அது குறுக்கே, விலா மரத்தைப் பார்க்கும்படி நின்றிருக்கும். அப்படி நின்றால் முன்காலும் பின்காலும் புற்றில் ஒரே உயரத்தில் இருக்கும், மின்சாரத்துக்கு ஓட வேலையே இல்லை. அதிர்ஷ்டம் என்றால் அவ்வளவுதான்.

ஏழு என்பது இந்த விஷயத்தில் பெரிய எண்ணிக்கையும் இல்லை. 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் ஒரே புயல் மழையில் 323 கலைமான்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. மழைக்குப் பயந்து நெருக்கமாகச் சேர்ந்து நின்றதும், பாறை மேல் மெல்லிய ஈர மண்ணும் சேர்ந்து செய்த வேலை. 2005இல் ஆஸ்திரேலியாவின் டொரிகோவில் 68 பால் மாடுகள். 2021 மே மாதம் அசாமின் நகாவ் மாவட்டத்தில் ஒரு குன்றின் மேல் 18 யானைகள், வனத்துறை விசாரணையில் மின்னல்தான் காரணம் என்று முடிவானது. இந்தக் கணக்கை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், யானைக்கூட்டம் சாமிக்கு என்ன குத்தம் செய்திருக்கும்?

மச்சான் சொல்வதை மட்டும் நான் உடனே தள்ளிவிட மாட்டேன். மின்னல் என்று நாமே முடிவுகட்டிக்கொள்வதும் தப்பு. அடுத்த தடவை (வரவே வேண்டாம்) முதலில் போட்டோ எடுங்கள், எந்த மாடு எங்கே, எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கிறது என்று. வாயைப் பாருங்கள். மென்றுகொண்டிருந்த புல் பாதியில் அப்படியே இருந்தால், மண்ணில் கால் உதைத்த தடமே இல்லாவிட்டால், சாவு நொடியில் வந்திருக்கிறது. விஷம் தின்ற மாடு துடிக்கும், உருளும், எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நிமிஷத்தில் சாகாது. கால்களின் உள்பக்கம் ரோமம் கருகிய கோடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மரப்பட்டையில் மேலிருந்து வேர் வரை உரிந்த கோடு இருக்கிறதா என்றும். இரண்டுமே இல்லாமலும் மின்னல் கொல்லும், உங்கள் மரம் முழுசாக இருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் மூக்கில் ரத்தம் வழிந்தால் தயவுசெய்து கத்தியை எடுக்காதீர்கள், மின்னலிலும் வரும், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயிலும் வரும், அடைப்பான் மனிதனுக்கும் ஒட்டும். கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இறைச்சியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, மழைக்குப் பிறகு மாடு செத்தால் கரண்ட் கம்பி அறுந்து வேலி மேல் கிடக்கிறதா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும். அவசரத்தில் ஓடிப் போய் மாட்டோடு மனிதனும் போவான்.

சரி, பதினெட்டு மாட்டுக்கு வருவோம். செலவே இல்லாத வேலைதான் முதலில்: நேரம். இங்கே பெரிய இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டுகிறது, ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதற்கு முன்பே மாடு கொட்டகைக்குப் போயிருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே விடக் கூடாது. மரத்தடியில் மாட்டோடு நீங்களும் ஒதுங்காதீர்கள், மழைக்கு ஒதுங்கும் பொண்டோக்குக் குடிசையிலும் வேண்டாம், லோரிக்குள் ஏறிக் கதவை மூடிக்கொள்ளுங்கள். யாராவது அடிபட்டால் தொடலாம், உடம்பில் கரண்ட் தங்காது. மூச்சு, நாடி இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டு இன்னொருவரை 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தனி மரத்தை வெட்ட மனசு வராது, புரிகிறது. அதைச் சுற்றி 20 மீட்டர் தள்ளிப் பலகை வேலி போடுங்கள், கம்பி வேண்டாம். வெயிலுக்கு நிழல் வேண்டுமென்றால் செம்பனை வரிசைக்குள் விடுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும் இடம், தனியாக நிமிர்ந்து நிற்கும் ஒரு மரத்தைவிட எவ்வளவோ தேவலை. மாட்டை இரும்புச் சங்கிலியால் மரத்தில் கட்டாதீர்கள், ஆட்டையும்தான்.

உங்கள் முள்கம்பி வேலியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆனால் மரம் வேலியோரம் என்றதுமே எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. மரத்தில் விழுந்தது வேலிக்குத் தாவினால் கம்பி அதை நூற்றுக்கணக்கான மீட்டருக்கு இழுத்துக்கொண்டு போகும், தூரத்தில் வேலியில் உரசி நிற்கும் மாடு அங்கே விழும். மரக்கம்பம், சிமெண்டுக்கம்பம் என்றால் 45 மீட்டருக்கு ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக அடித்து எல்லாக் கம்பியையும் அதோடு இறுகக் கட்டுங்கள். 300 மீட்டருக்கு ஒரு இடத்தில் கம்பியை வெட்டி நடுவில் மரப்பலகையால் இணையுங்கள். (கரண்ட் வேலியாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது, அதற்கு வேறு முறை.)

கொட்டகைதான் நான் பணம் செலவு செய்யச் சொல்லும் இடம். மரத்தூண் மேல் வெறும் ஜிங்க் கூரை போட்டிருந்தால் மழைக்கு மறைப்பு, மின்னலுக்கு இல்லை. கூரையிலிருந்து நாலு மூலையிலும் கம்பி இறக்கி, கொட்டகையைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி அரை மீட்டர் ஆழத்தில் ஒரு வளையமாக ஓட்டி, எர்த் ராடு அடிக்க வேண்டும். செம்பு போட்டால் ஒரு வாரத்தில் திருடிவிடுவார்கள், ஜிஐ பட்டையே போடுங்கள். தரைக்கு சிமெண்டு போடும்போது உள்ளே பி.ஆர்.சி. என்னும் இரும்புக்கம்பி வலை விரித்து அதையும் வளையத்தோடும், தண்ணீர்த்தொட்டி, தடுப்புக் குழாயோடும் சேர்த்துவிட்டால் புற்று எழும்பினாலும் கொட்டகை முழுக்க அதன் உச்சியில் சமமாக இருக்கும், மாட்டின் நாலு காலும் ஒரே உயரம். கடைசி வேலையை லைசென்ஸ் உள்ள ஆளிடம் விட்டு எர்த்தின் மின்தடையை அளந்து 10 ஓமுக்குக் கீழே வந்திருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தாயிரம் ரிங்கிட் ஆள் காட்டியது உருண்டைத் தலை வைத்த ஒரே கம்பம்தானே, நூறு மீட்டர் சுற்றளவைக் குடை மாதிரி காக்கும் என்று? மலேசியாவில் நாம் பின்பற்றும் மின்னல் பாதுகாப்புத் தரமான எம்எஸ் ஐஇசி 62305இல் அந்த வித்தைக்கு இடமில்லை. அதைவிட, கம்பம் மின்னலைத் தடுக்காது, வாங்கி மண்ணில் இறக்கும். மேய்ச்சல் நடுவில் நட்டு எர்த்தை ஒழுங்காகப் போடாவிட்டால் மரத்துக்குப் பதில் கம்பத்தைச் சுற்றிப் புற்று எழும்பும், மாடு அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அந்தக் கிடாரி. நின்றது என்று விட்டுவிடாதீர்கள். பின்கால் தள்ளாடுகிறதா, கண் தெரிகிறதா, ஒழுங்காகத் தின்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள், சினையாக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டே காட்டிவிடுங்கள்.