வீடியோ பார்ப்பதற்கா சம்பளம்?

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பி.இ. முடித்து ஐ.டி. நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்த நாளிலிருந்து வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பாடம் பார்க்கிறார். வேலை என்று எதுவும் கொடுக்கவில்லை. "வீடியோ பார்ப்பதற்கா சம்பளம் கொடுப்பார்கள்? இப்படியே வைத்திருந்து கழற்றிவிடுவார்களோ? வெளியே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 60,000 ரூபாய் கட்டிப் படித்தால் சீக்கிரம் பிராஜெக்ட் கிடைக்கும் என்கிறார்களே, கட்டலாமா?"

ஐயா, பணம் கட்ட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. கழற்றிவிடுவார்களா என்பதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அந்தத் திரையில் உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

வீட்டில் இருப்பவர்களுக்கு யூடியூப் ஓடுவது போலத்தான் தெரியும். ஆனால் நிறுவனத்தின் எல்.எம்.எஸ்.ஸில், அதாவது பயிற்சியை நடத்திப் பதிவு செய்யும் மென்பொருளில், ஓடும் பாடம் பின்னால் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். பல நிறுவனங்களின் பாடங்கள் இன்னும் 'ஸ்கார்ம்' என்ற பழைய முறையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன; 2001-ல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பாடத்தைத் திறந்தாரா, முடித்தாரா, தேறினாரா, என்ன மதிப்பெண், எவ்வளவு நேரம், எந்த இடத்தில் நிறுத்தினார், அவ்வளவே. பாடத்தை ஒரு ஓரத்தில் ஓடவிட்டுப் போனில் ரீல்ஸ் பார்த்தாலும் 'முடித்தார்' என்றே பதிவாகிவிடும். பிள்ளைகளுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. குவிஸ் விடைகள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதும் அப்போதுதான் தொடங்கும்.

2013-ல் 'எக்ஸ்ஏபிஐ' என்று இன்னொரு முறை வந்தது. பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று படித்தோமே, ஏறக்குறைய அதே அமைப்பில் ஒவ்வொரு செயலையும் ஒரு வாக்கியமாகக் குறித்து வைக்கும். இன்னார் இந்த வீடியோவைப் பாதியில் நிறுத்தினார், இன்னார் இந்தக் கேள்விக்குத் தவறான விடை கொடுத்தார், இன்னார் சிமுலேட்டரில் இந்தப் படியை முடித்தார். மொபைல் ஆப்பில் நடப்பதுகூட இதில் சேரும். எல்லா இடத்திலும் இது இல்லை. இருக்கிற இடத்திலும் அத்தனை விவரத்தையும் உட்கார்ந்து படிக்கிறவர்கள் குறைவு. பிராஜெக்ட்டுக்கு ஆள் தேடும் மேனேஜர் எத்தனை மணி நேரம் பாடம் பார்த்தார் என்று கேட்பதில்லை. மதிப்பீட்டுத் தேர்வில் என்ன வாங்கினார், கையால் என்ன செய்து காட்டினார் என்றுதான் கேட்கிறார்.

கையால் செய்வது நடக்கும் இடம் லேப். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கிளவுட் பயிற்சி, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளைக் கையாளும் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் அமேசான் கிளவுடிலோ மைக்ரோசாஃப்ட் அஸூரிலோ ஒரு தற்காலிகக் கணக்கு திறக்கும். ஒன்றிரண்டு மணி நேரம்தான் இருக்கும். அதற்குள் ஒரு சர்வரை எழுப்பி, அதில் ஒரு வலைப்பக்கத்தை ஏற்றி, வேண்டாதவர்கள் நுழையாதபடி பூட்ட வேண்டும். நேரம் முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும். திருத்துவதற்கு ஆசிரியர் கிடையாது, ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டி புரோகிராம்தான். சர்வர் பதில் சொல்கிறதா, தேவையில்லாத போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசல்) ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று தட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடும். கோடிங் லேபிலும் இதே கதை. எழுதிய புரோகிராம் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் கேஸ்களில் கண்ணுக்குத் தெரிபவை சில, மறைத்து வைத்தவை இன்னும் பல. வாட்ஸ்அப்பில் வந்த விடையை ஒட்டிவிட்டுத் தேறலாம். ஆனால் எரர் மெசேஜைப் பொறுமையாகப் படித்து, எங்கே தப்பு என்று தேடிப் பழகாத பிள்ளை, பிராஜெக்ட்டில் முதல் நாளே திணறிவிடும்.

இப்போது ஏஐயும் இதில் சேர்ந்துவிட்டது. லேபின் ஓரத்திலேயே ஒரு சாட் பெட்டி. இந்த எரர் ஏன் வருகிறது என்று கேட்டால் விளக்கும். வாடிக்கையாளரிடம் பேசும் பயிற்சியில் கோபக்கார வாடிக்கையாளராக ஏஐயே பேசும். ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்: யாரும் சிரிக்காத இடத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். கேள்வியை அப்படியே போட்டு விடையை வாங்கி ஒட்டுவதுதான் ஆபத்து. கேமரா முன்னால் எழுதும் ப்ராக்டர்டு தேர்வில் அந்தப் பெட்டி இருக்காது. வேறு டேபுக்குத் தாவினால் அதுவும் பதிவாகும். நிறுவனம் அனுமதித்த ஏஐ வேறு, போனில் இருக்கும் ஏஐ வேறு என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் புரோகிராம் கோடுகளை சாட்ஜிபிடியில் போட்டுவிட, அந்த நிறுவனம் அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியொரு வம்பு வேண்டாம்.

பாயின்ட், பேட்ஜ், லீடர்போர்ட் என்று விளையாட்டுப் போல ஆக்கியும் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. பட்டியலில் முதலிடம் பிடித்தவர் பெஞ்சில், அதாவது பிராஜெக்ட் எதுவும் இல்லாமல், காத்திருக்க, பதினைந்தாம் இடத்தில் இருந்தவர் பிராஜெக்ட்டுக்குப் போவது சகஜம்.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். பயிற்சித் தேர்வில் தேற வேண்டும், இத்தனை வாய்ப்புகள்தான் என்று பல நிறுவனங்கள் அதிலேயே எழுதியிருக்கும். அந்தப் பத்தி இருந்தால், முதல் தேர்வில் தவறினாலும் உடனே மென்டரிடம் (வழிகாட்டும் சீனியரிடம்) போய்ப் பேசச் சொல்லுங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்து, கடைசி வாய்ப்பு வரை தள்ளிப்போடும் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பயிற்சி முடிந்து பிராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருந்தால், யாராவது சீனியரின் பிராஜெக்ட்டில் கூட இருந்து கற்றுக்கொள்ள முடியுமா என்று உங்கள் மகளே கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி அந்த 60,000. பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களுக்கு யுடெமி, லிங்க்ட்இன் லேர்னிங், கோர்செரா போன்றவற்றில் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கின்றன. உங்கள் மகளுக்கு எது திறந்திருக்கிறது என்று கேளுங்கள். இன்ஸ்டிட்யூட் சொல்லித்தருவதாகச் சொல்வது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அமேசான் கிளவுடின் அடிப்படைத் தேர்வுக்கே 100 டாலர்தான், சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். மைக்ரோசாஃப்டின் பல சான்றிதழ்கள் ஓராண்டுதான் செல்லும், ஆனால் இலவச ஆன்லைன் மதிப்பீட்டை எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் வவுச்சர் கொடுத்துத் தேர்வுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. 'வட்டியில்லா இஎம்ஐ' என்று இன்ஸ்டிட்யூட் சொன்னால், அது பல சமயம் உங்கள் பெயரில் ஒரு கடன் நிறுவனம் போடும் கடன். வகுப்பு பிடிக்காமல் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது.

ஒன்றை மட்டும் உடனே செய்யச் சொல்லுங்கள். சான்றிதழ்களையும் டிஜிட்டல் பேட்ஜ்களையும் சொந்த மின்னஞ்சலோடு இணைத்து வைக்க வேண்டும். வேலையை விட்டால் அலுவலக மெயில் அன்றே மூடிவிடும்; அதோடு கட்டியிருந்த பேட்ஜைத் தேடி அலைவது வீண் அலைச்சல்.

இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவருக்கு என்பிடெல் போதும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடங்கள் அவை. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம், 1,000 ரூபாய் அளவில். மதிப்பெண்ணில் வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும், அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பு. கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் வரும் பாடத்தையும் கடமைக்கு முடிக்காமல் ஒழுங்காகச் செய்யட்டும்.

கடைசியாக, ப்ராக்டர்டு தேர்வு தேதி தெரிந்ததும் உங்கள் ஊரின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். முந்தின நாள் பத்திரிகையில் போடுவார்கள். அன்றுதான் என்றால் அந்த அறிவிப்பைப் படமெடுத்து, பேட்ச் ஒருங்கிணைப்பாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு நேரத்தை மாற்றிக் கேட்கலாம். தேர்வின் நடுவில் கரன்ட் போன பிறகு விளக்கம் சொன்னால் கேட்க ஆளிருக்காது.