ஃபெரட்டுக்கு உடம்பு சரியில்லை: காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

கீரி போல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணியான ஃபெரட்டை வளர்ப்பவர்கள் அனுப்பும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: இதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டுமா, நாளை வரை பார்க்கலாமா? அப்படி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

எங்கள் ஃபெரட்டுக்கு ஒன்றரை வயது. நேற்று ராத்திரியிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தியோ பேதியோ இல்லை. சும்மா படுத்தே இருக்கிறது. முன்பு வளர்த்த நாய் இப்படி ஒரு நாள் பட்டினி கிடந்தால் தானாகவே சரியாகிவிடும். இதையும் அப்படி விட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றே காட்டிவிடுங்கள். நாய்க்கு நாள் கணக்கு என்றால் ஃபெரட்டுக்கு மணிக் கணக்கு. சாப்பிட்டது மலமாக வெளியேற 3 முதல் 4 மணி நேரம்தான் ஆகும். அவ்வளவு குட்டையான குடல். அதனால் அது பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும் பிராணி. 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டினி நீண்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியத் தொடங்கும். அது தனி நோயாகவே மாறிவிடும்.

உங்களுடையது இளம் வயது என்பதால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குடல் அடைப்பு. ரப்பர், ஸ்பாஞ்ச் என்றால் ஃபெரட்டுகளுக்கு அடங்காத ஆசை. செருப்பின் உட்பகுதி, ரிமோட் பட்டன், அழிப்பான், காதில் வைக்கும் நுரை அடைப்பான், பொம்மையின் மூக்கு என்று எது கிடைத்தாலும் கடித்து விழுங்கிவிடும். வாந்தி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். அடைப்பு இருந்தும் ஒரு முறைகூட வாந்தி எடுக்காத ஃபெரட்டுகள் நிறைய உண்டு. அதன் குமட்டல் வேறு மாதிரி தெரியும்: முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் விடும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிறு தரையில் படும்படி தட்டையாகப் படுக்கும். பல்லைக் கடிப்பது பெரும்பாலும் வயிற்று வலியின் அடையாளம்.

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ, தொட்டால் பசை போல ஒட்டினாலோ தாமதிக்க நேரமில்லை. நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பிடரித் தோலை இழுத்துப் பார்ப்பது நாய்க்குச் சரி. ஃபெரட்டின் பிடரித் தோல் இயல்பிலேயே தடிமன் என்பதால் ஏமாற்றிவிடும். மேல் இமைத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும். அடுத்து மலத்தட்டு. கடைசியாக எப்போது போனது, எவ்வளவு, எப்படி? பென்சில் ஈயம் போல மெல்லியதாக வந்திருந்தாலோ, ஒன்றுமே வராமல் இருந்தாலோ அடைப்புச் சந்தேகம் வலுக்கிறது. பிறகு வீட்டில் எதன் மூலை கடிபட்டிருக்கிறது என்று தேடுங்கள். மிச்சத் துண்டு கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். ரப்பரும் நுரையும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகக்கூடும், அப்போது அந்தத் துண்டே டாக்டருக்கு வழிகாட்டும்.

செய்யக் கூடாதவை: எண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்து வெளியே தள்ளப் பார்ப்பது, வயிற்றைப் பிசைவது, சிரிஞ்சில் உணவை வலுக்கட்டாயமாக ஏற்றுவது. அடைபட்ட குடலில் மேலும் உணவு சேர்ந்தால் குடல் கிழியும் அபாயம் உண்டு. விழுங்கிய முடி வயிற்றில் உருண்டு கட்டியாவதற்கு எதிராகக் கொடுக்கும் பேஸ்ட், அந்தக் கட்டி வராமல் தடுக்கத்தான் ஓரளவு உதவும். சிக்கிக்கொண்ட பொருளை அது வெளியே கொண்டுவராது.

நாலரை வயது ஆண் ஃபெரட். காலையில் பின்னங்கால் தள்ளாடியது, கண் எங்கோ வெறித்தது, வாயில் எச்சில் ஒழுகியது. கொஞ்சம் தேன் தடவினோம். அரை மணியில் ஓடி ஆட ஆரம்பித்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கும்போது டாக்டர் தேவையா?

கட்டாயம் தேவை. தேன் கொடுத்ததும் தெளிந்தது என்பதே நோயைப் பற்றிய தகவல்தான். 3 வயது தாண்டிய ஃபெரட்டுகளுக்கு அதிகம் வரும் நோய்களில் ஒன்று இன்சுலினோமா. கணையத்தில் சிறு கட்டிகள் தோன்றி, தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரந்து ரத்தச் சர்க்கரையைக் கீழே இழுத்துவிடும். ஆரோக்கியமான ஃபெரட்டுக்குச் சர்க்கரை அளவு பொதுவாக 90 மி.கி./டெ.லி.-க்கு மேல் இருக்கும். 60-க்குக் கீழே போனால் இந்த நோய் என்ற சந்தேகம் மிக வலுவாகிறது. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் வீட்டிலேயே பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவி ஃபெரட் ரத்தத்தில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும். முடிவு சொல்ல ஆய்வகப் பரிசோதனைதான் சரி. அதற்காக நீங்களாகவே பட்டினி போட்டுக் கூட்டிச் செல்லாதீர்கள். எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்லட்டும்.

இது மறுபடி வரும். எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது, அதனால் முதலுதவியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறில் தடவுங்கள். விரலை வாய்க்குள் விடாதீர்கள். வலிப்பில் தாடை இறுகினால் விரல் சிக்கும். வாயில் ஊற்றவும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலை நிமிர்ந்து, தானாக விழுங்கத் தொடங்கியதும் அடுத்த வேலை முக்கியம்: உடனே இறைச்சி உணவு கொடுக்க வேண்டும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வெறும் இனிப்போடு நிறுத்தினால் ஏறிய சர்க்கரையைப் பார்த்துக் கட்டி இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முன்பைவிட மோசமாகச் சாயும். இதே காரணத்தால், நன்றாக இருக்கும் நாட்களில் பழம், திராட்சை, பிஸ்கட், இனிப்புப் பேஸ்ட் எதுவும் கூடாது.

தேன் தடவியும் சில நிமிடங்களில் தெளியவில்லை, அல்லது வலிப்பு வந்துவிட்டது என்றால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழியிலும் ஈறில் தடவிக்கொண்டே போகலாம். அறுவைச் சிகிச்சையா, பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தா என்பதை வயதையும் உடல் நிலையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். எதுவானாலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு என்பது இனி வழக்கமாகிவிடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னங்கால் தள்ளாட்டம் எப்போதும் சர்க்கரைக் குறைவு ஆகாது. இதய நோய், ரத்தசோகை, முதுகெலும்பு அடி, நாள்பட்ட வலி என்று ஃபெரட்டுக்கு எது வந்தாலும் முதலில் பின்னங்கால்தான் காட்டிக்கொடுக்கும்.

தூங்கும்போது தூக்கினால்கூட எழவில்லை. துணி போலத் தொங்குகிறது. பயந்துவிட்டோம்.

ஃபெரட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். இடையிடையே இப்படி அசையாத் தூக்கமும் வரும். உடம்பு வெதுவெதுப்பாக, மூச்சு சீராக, ஈறு சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகைத் தடவி, பிடித்த உணவை மூக்கருகே காட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடும். எழுந்ததும் சற்று நடுங்குவதும் இயல்பே. ஆனால் உடம்பு சில்லென்று இருக்கிறது, அல்லது எழுந்த பிறகும் மந்தமாக, தடுமாறி நடக்கிறது என்றால் அது தூக்கம் அல்ல. முந்தைய பதிலில் சொன்ன முதலுதவியைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலம் பச்சையாகப் போகிறது. எந்த நிறம் ஆபத்து?

நிறம் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரட் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உணவை மாற்றியதால், பயணத்தால், அதிர்ச்சியால் ஒன்றிரண்டு முறை பச்சையாக இளகிப் போகலாம். விளையாட்டும் பசியும் குறையாமல் இருந்தால் ஒரு நாள் கவனிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சளி போல வழவழப்பான பச்சைப் பேதி விடாமல் போனால், அதுவும் வீட்டுக்குப் புது ஃபெரட் வந்த இரண்டு மூன்று நாளில் தொடங்கினால், கொரோனா வகை வைரஸால் வரும் தொற்றுப் பேதியாக இருக்கலாம். இளசுகள் சீக்கிரம் தேறிவிடும். வயதானவை நீர் வற்றி உயிருக்குப் போராடும். அன்றைக்கே காட்டுங்கள், புதியதைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள்.

மலத்தில் தினை போலச் சிறு மணிகள் தெரிந்தால் உணவு சரியாகச் செரிக்கவில்லை. ஓரிரு நாளில் மாறாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். தார் போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில் இருந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு. அதற்குக் காத்திருப்பே கிடையாது.

எங்களுக்கெல்லாம் ஜலதோஷம். இப்போது ஃபெரட்டும் தும்முகிறது. தொற்றியிருக்குமா?

உங்களுக்கு வந்திருப்பது இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ என்றால் தொற்றியிருக்கலாம். மனித இன்ஃப்ளூயன்சா ஃபெரட்டுக்கு அப்படியே வரும். அதனிடமிருந்து நமக்கும் திரும்ப வரும். தும்மல், தெளிந்த நீராக மூக்கொழுகல், சோர்வு, இரண்டு நாள் பசிக்குறைவு என்ற அளவில் இருந்து, தண்ணீரும் உணவும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். சாப்பிட மறுத்தால் முதல் பதிலில் சொன்ன 12 மணி நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், விலா இழுத்தால், சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியானால் டாக்டரிடம் போங்கள்.

இதோடு குழம்பக் கூடாத நோய் டிஸ்டெம்பர். நாய்களிடமிருந்து வருவது, ஃபெரட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிதிலும் அரிது. கண்ணில் கெட்டியாகப் பீளை கட்டும், தாடைக்கு அடியில் சிவந்து பொருக்குத் தட்டும், பாதத்தின் அடிப்பகுதி தடித்துக் கடினமாகும். தடுப்பூசி போடாத ஃபெரட்டுக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் ஃபோனில் சொல்லிவிட்டுப் போங்கள். மற்ற பிராணிகள் இருக்கும் இடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.

ஆண் ஃபெரட். வால் முடி கொட்டி வழுக்கையாகிவிட்டது. இரண்டு நாளாக மலத்தட்டில் அடிக்கடி போய் முக்குகிறது. மலச்சிக்கலா?

சிறுநீர் வருகிறதா என்று உடனே பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அட்ரீனல் நோய்தான் முதல் சந்தேகம். சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பி அதிகமாகப் பாலியல் ஹார்மோன்களைச் சுரப்பதால் வாலில் தொடங்கி முதுகின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும். ஆணுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெரிக்கும். முடி கொட்டுவதற்கு மட்டும் என்றால் அடுத்த வாரம்கூட டாக்டரைப் பார்க்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, முக்கியும் வராவிட்டாலோ, அழுதாலோ இப்போதே கிளம்ப வேண்டும். அடைபட்ட சிறுநீர் ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். அடிவயிற்றை அழுத்தி வெளியேற்றப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப் பை கிழிந்துவிடும்.

பெண் ஃபெரட்டுக்குக் கருத்தடை செய்யவில்லை. மூன்று வாரமாகப் பிறப்புறுப்பு வீங்கியே இருக்கிறது. தானாக வற்றாதா?

இணை சேராவிட்டால் பெரும்பாலும் வற்றாது. பருவம் மாதக்கணக்கில் நீளும். அவ்வளவு காலமும் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கி ரத்தம் ஊறாமல் செய்துவிடும். ஒரு மாதம் தாண்டினால் ஆபத்துக் கட்டம். இந்த வாரமே காட்டிவிடுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, தோலில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தாலோ இன்றே. அறுவைச் சிகிச்சை இல்லாமல் ஹார்மோன் ஊசியாலும் பருவத்தை நிறுத்த முடியும்.

டாக்டர் கிடைக்கும் வரை வலிக்கு நம் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா?

கூடாது. இபுப்ரோஃபென் ஒரே மாத்திரைகூட ஒரு கிலோ ஃபெரட்டின் உயிருக்கு ஆபத்து. பாரசிட்டமாலை அதன் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. தெரியாமல் விழுங்கிவிட்டது என்றால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் அட்டையோடு போங்கள்.

எங்களுக்குக் கிடைக்கும் டாக்டர் பெரும்பாலும் நாய், பூனை பார்ப்பவர். என்ன சொல்ல வேண்டும், எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

ஃபெரட் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை ஃபோன் செய்து, ஃபெரட் பார்ப்பாரா, இரவில் யாரை அணுகுவது என்று கேட்டு எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை சமையல் தராசில் கிண்ணத்தை வைத்து எடை பார்த்துக் குறியுங்கள். ஒரு கிலோ ஃபெரட் ஒரே வாரத்தில் 100 கிராம் இறங்கினால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். பருவகாலத்துக்கு ஏற்ப எடை ஏறி இறங்குவது உண்டுதான், ஆனால் அது மெதுவாக நடக்கும்.

போகும்போது எடைக் குறிப்பு, புது மலம் மூடிய டப்பாவில், கொடுத்துவரும் உணவு, மருந்துகளின் பெயர், தடுப்பூசித் தேதி எல்லாம் கையில் இருக்கட்டும். தள்ளாட்டம், வலிப்பு, இருமல் என்றால் செல்ஃபோனில் வீடியோ எடுத்துவிடுங்கள். மேசையில் வைத்ததும் பயத்தில் அது சுறுசுறுப்பாகிவிடும், கோளாறு தெரியாமல் போகும். பிரச்சினையைப் பொதுவாக "டல்லாக இருக்கிறது" என்று சொல்லாமல், கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு மலம், சிறுநீர் போனது என்று நேரத்தோடு சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்காக ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், ஃபெரட்டுக்கு 3, 4 மணி நேரம் போதாதா என்று மரியாதையாகக் கேளுங்கள். சர்க்கரைக் குறைவு உள்ள ஃபெரட்டுக்கு அந்த இரவே ஆபத்தாகும். கூடைக்குள் அதன் பழைய போர்வையை விரித்து, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு நிமிடம்கூட விடாமல் கொண்டு செல்லுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனாலே ஃபெரட்டால் சூட்டைத் தாங்க முடியாது.