பக்கத்திலேயே இடம் கிடைக்குமா? கல்லறை, கல், எழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்லறைக் கல் வெட்டும் தொழிலில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. துக்க வீட்டுக்குப் போனால்கூட யாராவது ஓரமாக அழைத்துப்போய், "அண்ணே, ஒரு சந்தேகம்" என்பார்கள். எழுதிக் கேட்டவர்களின் கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிலிலும் திரும்ப வரும். சிங்கப்பூரில் இன்றைக்குப் புதிதாக அடக்கம் செய்ய இருப்பது சுவா சூ காங் இடுகாடு ஒன்றுதான். அங்கேயும் நிலம் 15 வருடத்துக்குத்தான். 1998இல் வந்த விதி அது. தவணை முடிந்தபின் தோண்டி எடுத்து எரிப்பார்கள். மண்ணில்தான் இருக்க வேண்டும் என்று மதம் சொல்பவர்களுக்கு மட்டும் சிறிய குழியில் மறு அடக்கம் உண்டு.

அப்பாவை 2008இல் சுவா சூ காங் கிறிஸ்தவப் பகுதியில் அடக்கம் செய்தோம். அம்மாவுக்கு இப்போது 84 வயது. அப்பா பக்கத்திலேயே இடம் வேண்டும் என்கிறார். இப்போதே பணம் கட்டிப் பிடித்து வைக்க முடியுமா? (ஈசூன் வாசகி)

முடியாதும்மா. குழிகள் வரிசைப்படிதான் ஒதுக்கப்படுகின்றன. முன்பதிவு கிடையாது. கிறிஸ்தவப் பகுதியில் பெரியவர்களுக்குக் கட்டணம் 940 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 420. எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாலும் பக்கத்து இடம் வராது.

நீங்கள் கேட்காத இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அப்பாவின் 15 வருடம் 2023இலேயே முடிந்துவிட்டது. தோண்டும் வேலை பகுதி பகுதியாக அறிவிக்கப்பட்டு நடப்பதால் அவர் இன்னும் அங்கேயே இருக்கலாம். ஆனால் அம்மா நினைப்பதுபோல அது நிரந்தரமான இடம் இல்லை. இதை அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குத் தெரிந்து பல வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

எரிப்பதற்கு அம்மா சம்மதித்தால் ஒரு வழி இருக்கிறது. அஸ்திக் கலசங்களைச் சுவர் மாடங்களில் வைத்து மூடும் அரசாங்க அஸ்திமாடத்தில் இரட்டை மாடம் 900 வெள்ளி. ஒற்றை என்றால் 500. இந்த வரிசை, இந்த உயரம் என்று நீங்களே தேர்ந்தெடுத்தால் மேலே 250. அப்பாவை எடுக்கும்போது அவரது அஸ்தியையும், காலம் வரும்போது அம்மாவுடையதையும் ஒரே மாடத்தில் வைக்கலாம். ஒரு பாட்டி என் பட்டறைக்கு வந்து இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஒரே கதவுதானே? சரி, அது போதும்" என்றார். இரண்டு மகன்களும் ஆறு மாதமாக எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்த விஷயம்.

மார்பிளா, கிரானைட்டா? கடைக்காரர் இத்தாலி மார்பிள்தான் அழகு என்கிறார். விலை இரண்டு மடங்கு. (தெம்பனிஸ்)

அழகுதான், கடைக்குள் இருக்கும்வரை. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு பட்டால் கரையும். இங்கே வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சில வருடத்தில் மேல் பளபளப்பு போய், தடவினால் சர்க்கரை மாதிரி நறநறக்கும். வெட்டிய எழுத்தின் ஓரங்கள் மழுங்கும், பள்ளங்களில் பச்சைப் பாசி ஏறும்.

கிரானைட் வாங்குங்கள். கறுப்பில் எழுத்து எடுப்பாகத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வரும் குன்னம் கறுப்பு நல்ல கல். சாம்பல் நிறமும் மோசமில்லை, அழுக்கு அவ்வளவாகக் காட்டாது. பெயின்ட் அடித்த எழுத்து வேண்டாம். ஆழமாக வெட்டி அதற்குள் வண்ணம் நிரப்பச் சொல்லுங்கள். வண்ணம் போனாலும் எழுத்து நிற்கும், பிள்ளைகள் ஒரு தூரிகையோடு போய்த் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம்.

கல்லின் அளவுக்கு வரம்பு உண்டு. முதலில் இடுகாட்டு அலுவலகத்தில் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் கடைக்குப் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய மண் குழியாக இருந்தால் மண் இறுகட்டும் என்று ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்போம், இல்லாவிட்டால் கல் சாயும். 2007இலிருந்து கான்கிரீட் அறைகளில் அடக்கம் செய்கிறார்கள். அதில் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் முதல் மாதத்திலேயே கல்லுக்குச் சொல்லாதீர்கள். அழுத கண்ணோடு எடுத்த முடிவில்தான் இரட்டை விலைக் கல் வரும்.

கல் வைத்தபின் ஒரு எச்சரிக்கை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் வாளியும் துடைப்பமுமாகக் குடும்பங்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் கழிவறை கழுவும் திரவத்தை வெள்ளை மார்பிளில் ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்தது. "பாத்தீங்களா, அழுக்கு எப்படிக் கிளம்புது!" என்றார் சந்தோஷமாக. கிளம்பியது அழுக்கு இல்லை, கல். வெறும் தண்ணீரும் மெதுவான பிரஷும் போதும். வினிகர், எலுமிச்சை, பிளீச் எதுவும் வேண்டாம்.

கல்லில் தமிழில் எழுத ஆசை. "தமிழெல்லாம் கஷ்டம், இங்கிலீஷ்லயே போடுங்க" என்று கடையில் சொல்கிறார்கள். (உட்லண்ட்ஸ்)

கஷ்டம் ஒன்றும் இல்லை. வெட்டுகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதற்கு ஏற்ற மாதிரி நீங்கள் தயார்செய்து கொடுக்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தவறைச் சொல்கிறேன். யோபு புத்தகத்தின் வசனம் ஒன்று: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." வாடிக்கையாளர் டிஸ்க்கில் கொண்டுவந்தார், எங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தவுடன் "கொ" உடைந்து, ஒற்றைக் கொம்பு முன் சொல்லின் வாலோடு போய் ஒட்டிக்கொண்டது. புள்ளிகள் மொத்தமாக உதிர்ந்து "கர்த்தர்" "கரததர" ஆகிவிட்டார். அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. கல் வெட்டி, வண்ணம் நிரப்பி, வண்டியில் ஏற்றியபிறகு அந்த வீட்டுப் பேத்திதான் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பத்து வயதிருக்கும். "அங்கிள், இதுல டாட் எல்லாம் எங்க?" என்றாள். புதுக் கல் என் சம்பளத்திலிருந்து போனது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. தட்டச்சு செய்த கோப்பை வாங்குவதில்லை. எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் அல்லது தெளிவான படம்தான் வாங்குவேன். அதைக் கல்லின் அதே அளவுக்குக் காகிதத்தில் அச்சடித்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உளியைத் தொடுவேன். நீங்களும் கடையில் அதையே கேளுங்கள். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்து வேண்டாம், புள்ளி கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். பாசி முதலில் மூடுவது புள்ளியைத்தான்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் "சன் ஆஃப்", "டாட்டர் ஆஃப்" என்று இருப்பதை அப்படியே தமிழில் போடுகிறார்கள். தேவையில்லை. ஆங்கில வரியில் அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். தமிழ் வரியில் வீட்டில், சபையில் எப்படி அழைத்தார்களோ அப்படி எழுதுங்கள். தேதிகளுக்குத் "தோற்றம், மறைவு" போதும். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பதும் நம் சபைகளில் பழகிய வரி. பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கல் வைத்த மறு வருடமே ஒரு பேரன் பிறப்பான், அவன் பெயருக்கு இடம் இருக்காது.

அத்தா மௌத்தாகி நாற்பது நாள் ஆகிறது. மீசான் கல்லில் குர்ஆன் வசனம் பொறிக்கலாமா? பெரிதாகக் கட்டலாமா? (பிடோக்)

மார்க்கச் சட்டத்தை நான் சொல்லக் கூடாது, உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன்: தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, பெயரும் தேதியும். அது போதும். மலாய்க்காரர்களும் தங்கள் பாத்து நீசானை, அதாவது மீசான் கல்லை, எளிமையாக வைப்பதுதான் அதிகம். முஸ்லிம் பகுதியில் அடக்கக் கட்டணமே 315 வெள்ளி. அதைவிடப் பல மடங்கு கல்லுக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. 15 வருடம் கழித்து மறு அடக்கமாகும்போது சிறிய குழிக்கு அந்தப் பெரிய கட்டுமானம் கூடவே போகாது. அன்றைக்கு வசனம் பொறித்த கல்லை என்ன செய்வது என்ற சங்கடமும் வரும்.

தங்கையின் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. நாங்கள் இந்துக்கள். பெரியவர்கள் புதைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். இடம் உண்டா? (வாசகி)

உண்டு. சுவா சூ காங்கில் இந்துக்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பச்சைக் குழந்தைகளைப் புதைப்பது நம்மில் பலரும் காலங்காலமாகச் செய்வதுதான், பெரியவர்கள் சொல்வதில் தவறில்லை. மண்டாய் தகனச்சாலையில் எரிக்க விரும்பினால் அதையும் செய்யலாம். முடிவைத் தங்கையும் அவள் கணவரும் எடுக்கட்டும், சுற்றி இருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

கல்லைப் பற்றி இப்போது யாரும் பேச வேண்டாம். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கை கேட்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கத்தோலிக்கர். அஸ்தியில் பாதியை வேளாங்கண்ணிக் கடலில் கரைத்து, பாதியை இங்கே வைக்கலாமா? (செங்காங்)

திருச்சபை எரிப்பதை 1963இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் 2016இல் வத்திகான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி அஸ்தியைப் புனித இடத்தில் வைக்க வேண்டும். தூவவோ பங்கு போடவோ வீட்டில் வைக்கவோ கூடாது. 2023இல் ஒரு சிறு பகுதியை மட்டும் அவருக்கு முக்கியமான இடத்தில் வைக்க இடம் கொடுத்தார்கள், ஆனால் கடலில் கரைப்பது அதில் சேராது. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

மத வரையறை இல்லாதவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கே கடலில் கரைக்க ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில், காலை 7 முதல் மாலை 7 வரை. நிலத்திலேயே தூவ 2021இல் சுவா சூ காங்கில் ஒரு தோட்டம் திறந்தார்கள். கட்டணம் 320 வெள்ளி. அங்கே பெயர்ப்பலகை எதுவும் வைக்க முடியாது. எனக்குத் தொழில் இல்லாத இடம், ஆனாலும் நல்ல இடம்.

எங்கள் விடுதியில் தங்கியிருந்த நண்பர் இறந்துவிட்டார். ஒர்க் பெர்மிட்காரர். உடலை ஊருக்கு அனுப்பும் செலவு யாருடையது? (துவாஸ்)

முதலாளியுடையது. ஒர்க் பெர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது: அடக்கம், தகனம், அல்லது உடலை ஊருக்கு அனுப்புவது, இதில் ஒன்றின் செலவை அவர் ஏற்க வேண்டும். நண்பர்கள் வசூல் செய்து ஏமாறாதீர்கள். வசூலித்த பணம் குடும்பத்துக்குப் போகட்டும். உடலைப் பதப்படுத்துவது, பெட்டிக்கு முத்திரை, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, இந்தியத் தூதரகத்தின் காகிதங்கள் இவையெல்லாம் ஈமச்சடங்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இறப்புச் சான்றிதழ் 2022 மே மாதத்திலிருந்து மின்னிலக்க வடிவில்தான். 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு அலைகிறவர்கள் அதிகம்.

தாத்தாவைத் தோண்டி எடுக்கும்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா காலத்து முகவரிதான் அங்கே இருக்கும். (ஜூரோங்)

அதுதான் சிக்கல். நாளிதழில், இணையத்தில் அறிவிப்பு வரும். குறிப்பிட்ட தேதிக்குள் குடும்பத்தில் ஒருவர் பதிந்துகொள்ள வேண்டும். 2017இல் தெங்கா விமானத் தளத்துக்காக 80,500 கல்லறைகளை எடுக்கப்போவதாகச் சொன்னபோது, முகவரி மாறி, மூத்த மகனும் இறந்துபோய், எங்கே தேடுவது என்றே தெரியாத குடும்பங்கள் என்னிடமே வந்தன. அவை சீன, முஸ்லிம் கல்லறைகள். நமக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள்.

கல்லறை எண்ணைக் கல்லில் பார்த்து இந்த வாரமே போனில் படம் எடுங்கள். எண், பகுதி, அடக்கம் செய்த தேதி மூன்றையும் வீட்டு வேதாகமத்தின் முதல் பக்கத்திலோ, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் உறையிலோ எழுதி வையுங்கள். இருப்பவர்களிலேயே இளைய பேத்திக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். புகைப்படத் தகடு வைத்திருந்தால், எடுக்கும் அன்று நேரில் போய் அதைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டைச் சிமெண்டில் பூசாமல் திருகாணியில் பொருத்தியிருந்தால் ஐந்து நிமிட வேலை.