தெறித்ததா, சிதறியதா?

வணக்கம் ஐயா,

ஓர் ஆங்கிலத் துப்பறியும் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பொலிஸ் அதிகாரி ஒருவர் சுவரைப் பார்த்து 'பிளட் ஸ்பிளற்றர்' (blood splatter) என்கிறார். தடயவியல் நிபுணர் உடனே 'ஸ்பற்றர்' (spatter) என்று திருத்துகிறார். அகராதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கிறது. ஒரு 'ள'வில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டுக்கும் பொதுவாக 'இரத்தம் தெளித்தல்' என்று போட்டுவிடலாமா?

– ஒரு வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

தெளித்தல் மட்டும் வேண்டாம். தெளிக்க ஓர் ஆள் வேண்டும்; விடிய எழும்பி முற்றத்துக்குச் சாணித் தண்ணி தெளிப்பார்களே, அதற்குரிய சொல் அது. கொலை நடந்த அறையில் இரத்தத்தை யாரும் தெளிப்பதில்லை, அது தானாகத் தெறிக்கிறது.

அகராதியையும் குறை சொல்ல முடியாது. பேச்சில் வெள்ளைக்காரரே இரண்டையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்கள். ஆனாலும் ஸ்பற்றர் என்றால் நினைவுக்கு வருவது துளிதான். தாச்சியில் கொதிக்கிற எண்ணெய்க்குள் ஈர மீனைப் போட்டதும் கையில் சுள் சுள்ளென்று படுகிறதே, அது. வெல்டிங் வேலையில் இரும்பில் குருணி குருணியாக ஒட்டிக்கொள்வதை உளியால் தட்டி எடுப்பார்கள், அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஸ்பிளற்றர் என்றால் ஏதாவது மொத்தமாக வந்து மோத வேண்டும். ஆவணியில் பனம்பழம் சீமெந்து நிலத்தில் பொத்தென்று விழுந்து பிளந்து, களி நாலு பக்கமும் அப்பிக் கிடக்குமே, அது. (பணியாரத்துக்கு ஆகாமல் போன வயிற்றெரிச்சல் வேறு.)

ஸ்பற்றர் 16ஆம் நூற்றாண்டுச் சொல். மற்றது 18ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்பிளாஷும் ஸ்பற்றரும் கலந்து பிறந்திருக்கும் என்பது அகராதிக்காரரின் ஊகம். அப்படிப் பார்த்தால் நீங்கள் கேட்ட 'ள', ஸ்பிளாஷ் கொடுத்த சீதனம்.

சரி, நிபுணர் ஏன் திருத்துகிறார்? இரத்தக்கறையை ஆராய்பவர்களின் துறைச்சொல் ஸ்பற்றர்தான். மற்றதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு துளியும் கணக்கு. செங்குத்தாக விழுந்த துளி வட்டமாகப் படியும். சரிவாக வந்தது நீண்டு படியும், அதன் வால், துளி போன திசையைக் காட்டும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் மோதிய கோணத்தின் சைன் பெறுமானம் கிடைக்கும். அகலம் 3 மில்லிமீற்றர், நீளம் 6 என்றால் கோணம் 30 பாகை. ஓ.எல். கணிதம்தான். ஆனால் துளிகளை வைத்து நடந்ததை அப்படியே சொல்லிவிடலாம் என்று நம்பிவிடாதீர்கள். 2009இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இந்தத் துறையின் நிச்சயமின்மையைக் கடுமையாகவே சாடியது. உங்கள் கதை நிபுணர் சுவரைப் பார்த்த மாத்திரத்தில் கொலைகாரனின் உயரத்தைச் சொன்னால், அது கதாசிரியரின் துணிச்சல்.

இனி உங்கள் வசனம். அதிகாரி, "இரத்தம் சிதறிக் கிடக்கு" என்று சொல்லட்டும். நிபுணர், "சிதறேல்லை, தெறிச்சிருக்கு" என்று திருத்தட்டும். அறிக்கையில் எழுதும்போது 'இரத்தத் தெறிப்பு' போதும். கதையில் வேறு எங்காவது அழுகின தக்காளிப்பழம் ஒன்று சுவரில் வந்து மோதினால் மட்டும் 'தெறி'யைத் தொடாதீர்கள். அங்கே ஒரு வினை காணாது. 'அடிபட்டுச் சிதறி' என்றோ 'நசிந்து அப்பி' என்றோ இரண்டாகப் போடுங்கள்.