செல்லுஞ்செலவு எவ்வளவு? சீஷத்துவம் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் அடகுக் கடை, வட்டிக் கடை என்று 31 வருடம் கணக்கு எழுதி ஓய்ந்தவன் நான். ஞாயிறு மாலையில் வேதபாடம் எடுக்கிறேன். இயேசுவின் சீஷனாக இருக்க என்ன விலை என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். கடைசிக்காலம், 666, சுகமளிக்கும் எண்ணெய் எல்லாம் என்னிடம் கிடையாது.

கோட்டையூர் சகோதரி: ஐயா, விசுவசித்தால் இரட்சிப்பு இலவசம் என்கிறார்கள். இலவசத்துக்கு ஏது விலை?

நல்ல கேள்வி. ஒருவர் உங்களுக்கு இனாமாக ஒரு வீடு எழுதி வைக்கிறார். பத்திரத்துக்குப் பத்துப் பைசா செலவில்லை. ஆனால் அதில் குடியேற வேண்டுமானால் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பத்திரத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு பழைய வீட்டிலேயே இருப்பவர்கள்தான் நம் சபைகளில் அதிகம்.

லூக்கா 14-ஐ எடுங்கள். பெருங்கூட்டம் பின்னால் வருகிறது. நம் ஊர்த் தலைவர் யாராக இருந்தாலும் கைகூப்பிக்கொண்டு நிற்பார். இயேசுவோ திரும்பி நின்று, "எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்" என்று மூன்று முறை சொல்கிறார். கோபுரம் கட்டுகிறவன் "உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்" பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. தூண் எழுப்பியதோடு நின்றுவிட்டது. துருப்பிடித்த கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, உள்ளே யாரோ ஆடு கட்டுகிறார்கள். கட்டியவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த வழியாகப் போகிற ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டுவதில்லை.

தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதினார் (2:19). ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் 1937-இல் வந்த தன் நூலில் செலவில்லாத விசுவாசத்துக்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். ஹிட்லரின் ஆட்கள் 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39.

கானாடுகாத்தான்: என் மூட்டுவலிதான் ஆண்டவர் எனக்குத் தந்த சிலுவை என்று நினைக்கிறேன். சரியா?

அது மூட்டுவலி. டாக்டரைப் பாருங்கள். தப்பிக்க வழியிருந்தும் அவருக்காகத் தோளில் ஏற்றிக்கொள்வதுதான் சிலுவை.

தேவகோட்டை தம்பி, 23 வயது: தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் சீஷனல்ல என்று வசனம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக நினைக்கிறேன். அம்மா மட்டும் தனியாக இருக்கிறார், அழுகிறார். எங்கள் பாஸ்டர், அம்மாவின் கண்ணீரைப் பார்க்காதே என்கிறார்.

தம்பி, இந்த இடத்தில் நான் எப்போதும் கொடுக்கிற எச்சரிக்கை ஒன்று உண்டு. உன் சீஷத்துவத்தின் செலவை அடுத்தவர் பற்றுக் கணக்கில் எழுதாதே.

அதே பேச்சு மத்தேயு 10:37-இல் 'என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்' என்று வருகிறது. வெறுப்பது என்ற சொல் அந்த மொழி வழக்கில் இரண்டாவதாக வைப்பதையும் குறிக்கும். ஆதியாகமம் 29-இல் லேயாள் வெறுக்கப்பட்டாள் என்றுதான் எபிரெயத்தில் இருக்கிறது. தமிழில் 'அற்பமாய் எண்ணப்பட்டாள்' என்று சரியாகப் போட்டார்கள். அப்புறம் மாற்கு 7-ஐப் படி. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு எப்படித் திட்டுகிறார் என்று பார். அம்மாவின் சோற்றுக்கும் மருந்துக்கும் வழி செய்துவிட்டுப் போ. அந்த வழியைச் செய்ய ஐந்து வருடம் ஆகுமென்றால், அந்த ஐந்து வருடமும் உன் செலவுதான்.

பள்ளத்தூர்: விசுவாசம் மட்டும் போதாதா?

மேலே கோட்டையூர் சகோதரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சருகணி: வருடாவருடம் ஓரியூர் போகிறோம். அருளானந்தர் கொடுத்த விலையை நம்மால் கொடுக்க முடியுமா?

அருளானந்தர் என்பது போர்ச்சுகீசியக் குரு ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பெயர். லிஸ்பன் அரண்மனையில் இளவரசனுக்குத் தோழனாக வளர்ந்த பிள்ளை அவர். 1686-இல் மறவர் நாட்டில் பிடிபட்டு அடி உதை பட்டார். போர்ச்சுகல் போன இடத்தில் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். கேட்காமல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. (போன்ஹோபர் பிறந்ததும் ஒரு பிப்ரவரி 4. கணக்கு எழுதியவனுக்குத் தேதிதான் முதலில் கண்ணில் படும்.)

ஏன் வெட்டினார்கள் என்பதை ஓரியூர் போகிறவர்கள் நின்று யோசிக்க வேண்டும். மறவர் நாட்டுப் பிரமுகர் தடியத் தேவருக்கு மனைவியர் பலர். ஞானஸ்நானம் பெற ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். தேவர் கொடுத்த விலை பெரியது, அருளானந்தர் கொடுத்தது அதைவிடப் பெரியது. சரி, ஒரு காலையில் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள்? அவர்கள் கொடுத்ததைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஒருதார முறை தவறு என்று சொல்ல வரவில்லை. பற்றுக் கணக்கு யார் பெயரில் ஏறியது என்று பார்க்கச் சொல்கிறேன்.

காளையார்கோவில்: சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன் வரிசை. இது மறுதலிப்பு இல்லையா?

கேட்பவர் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே என்றது 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போகும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வர வேண்டும். ஆக, ஒரே ஞானஸ்நானத் தண்ணீர்தான், ஒருவருக்கு ஒன்றும் போகவில்லை, இன்னொருவருக்குப் பிள்ளையின் படிப்பும் வேலையும் போகிறது. பொய் சொல்வது சரி என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அந்த விலையை ஒருநாளும் கொடுத்திராத நான் கல்லெறியவும் மாட்டேன். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிற சபைகள் முதலில் தங்கள் மறுதலிப்பைப் பார்க்கட்டும்.

குன்றக்குடி: பிள்ளையார்பட்டிக் கொழுக்கட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் சாப்பிடலாமா?

விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றி 1 கொரிந்தியர் 8, 10 படியுங்கள். அப்புறமும் சந்தேகம் தீராவிட்டால் உங்கள் சபைப் போதகரைக் கேளுங்கள். இதற்கு விலை கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

புதுவயல்: நான் தண்டல் விடுகிறேன். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுப்பேன், தினம் 100 வீதம் 100 நாள். தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. என் தொழிலில் குறை உண்டா?

கணக்கைப் போட்டுவிடுவோம். 9,000-க்கு 1,000 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பி வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு 75 ரூபாய்க்குக் குறையாது. அதில் பத்தில் ஒன்று காணிக்கைப் பைக்கு.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவிடம் என்ன சொன்னான்? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. அதற்குப் பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற வார்த்தை வருகிறது.

பள்ளத்தூர் (மறுபடியும்): தாலந்து உவமையில் எஜமானே வட்டி கேட்கிறாரே?

திருடனைப்போல் வருவேன் என்றும்தான் எழுதியிருக்கிறது. அதனால் திருடலாமா?

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: வட்டித் தொழிலைக் கேவலப்படுத்துகிறீர்கள். பர்மா வரை போய் வட்டியில் சம்பாதித்துக் கோவிலும் பள்ளியும் கட்டிய ஊர் இது.

கோபப்படாதீர்கள். ஐந்தொகை போட எனக்குக் கற்றுக்கொடுத்தவரே ஒரு செட்டியார்தான். ஐராவதிப் படுகையில் நெல் விளைந்ததில் அவர்கள் கடனுக்குப் பங்குண்டு. 1930-களில் விலை விழுந்து நிலம் அவர்கள் கைக்கு வந்ததும், யுத்தத்தில் அதை விட்டுவிட்டு வந்ததும் நீங்கள் அறிந்ததே. அவர்களை நான் விசாரிக்கவில்லை. கிறிஸ்துவின் பெயரைச் சொல்கிறவரைக் கேட்கிறேன்.

தேவகோட்டை, வேறொருவர்: அப்படியானால் பேங்கில் டெபாசிட் போடுவதும் பாவமா?

யாத்திராகமம் 22:25 'சிறுமைப்பட்டிருக்கிற' ஒருவனுக்குக் கொடுத்த கடனைப் பற்றிப் பேசுகிறது. வியாபாரி கடை பெருக்க வாங்குவது ஒன்று, அடுப்பெரியாதவர் வாங்குவது இன்னொன்று. இரண்டையும் குழப்பித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது, அது ஒருவனின் ஜீவனை வாங்குவதாம்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு அம்மாள் பித்தளை இட்லிக் கொப்பரையைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் கரி, தொட்டால் இன்னும் லேசாகச் சூடு. அன்றைய வியாபாரம் முடிந்த கையோடு கொண்டுவந்திருந்தார். எடை போட்டு, சீட்டு எழுதி, எண் கட்டி அறைக்குள் வைத்தவன் நான். அவர் அதை மீட்க வரவில்லை. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது எனக்கு. அதற்குப் பிறகும் ஆறு வருடம் அதே மேசையில் உட்கார்ந்தேன். சம்பளம் நல்ல சம்பளம்.

அரியக்குடி: விசுவாசம் இருந்தால் போதும் என்று பவுல்...

மூன்றாவது முறை. விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்கிற ரோமர் 4 படித்தவர்கள், பாவத்திலே நிலைநிற்கலாமா என்று கேட்கிற 6-ஐயும் படியுங்கள். இனி இதற்குப் பதில் இல்லை.

புதுவயல் (மறுபடியும்): ஐயா, சண்டை வேண்டாம். 41 பேரிடம் பாக்கி நிற்கிறது. நாளைக்குக் காலையில் நான் என்ன செய்ய?

நாளைக்கு வசூலுக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தொழிலில் போட்ட முதலில் சம்சாரத்தின் நகை எவ்வளவு என்று தனியாக எழுதுங்கள். அது அவருக்குத் திரும்பிய பிறகுதான் உங்கள் தாராளம். இல்லாவிட்டால் தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

அப்புறம் 41 பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் கட்டியதைக் கூட்டுங்கள். 9,000 தொட்டவர் பெயரை அடித்துவிட்டு, அவர் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கொடுங்கள். பழைய நோட்டுகளில் முடிந்துபோனவர்கள் இருப்பார்கள், அது பெரிய வேலை. சனிக்கிழமை மூன்று மணிக்கு நோட்டுகளோடு வாருங்கள். 2015-க்கு முந்தியவை இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது.