‘லைட் டியூட்டி’ என்று டாக்டர் எழுதினால் வேலைக்குச் சேர்க்க மாட்டார்களா?

கேள்வி: டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவிப் பிரிவு அதிகாரியாக இருக்கிறேன். வயது 43, சர்வீஸ் 17 வருடம். ஐந்து மாதங்களுக்கு முன் மூளையின் இடது பக்கத்தில் இருந்த மெனிஞ்சியோமா கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஃபைல் படித்தால் நன்றாகப் புரிகிறது. ஆனால் பேசும்போது சில சொற்கள் சட்டென்று வருவதில்லை. மதியத்துக்கு மேல் தலை கனத்துவிடுகிறது. வலிப்பு வராமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ‘பணிக்குத் தகுதி, மூன்று மாதம் லைட் டியூட்டி’ என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். அதோடு போனால் மேலதிகாரி, ‘இங்கே லைட் டியூட்டி எல்லாம் கிடையாது. முழுத் தகுதி என்று வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் ஒன்று. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் உங்கள் உடம்பை நினைத்துத்தான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு பெற 20 வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு 17தான். அதனால் நீங்கள் எழுதித் தருகிற தாள், தலைப்பில் என்ன இருந்தாலும், கடைசியில் ராஜினாமாவாகத்தான் போய் நிற்கும். ராஜினாமா செய்தால் இதுவரை பார்த்த சர்வீஸ் அழிந்துபோகும், கிராஜுவிட்டியும் போகும். ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைக்கிற சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவ வசதியும் கிடைக்காது. இனி வருடக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர் அந்த அட்டையை விடலாமா? எழுதிக் கொடுத்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, உங்கள் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவுதான் உங்களுக்குப் பிடிமானம். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப்பலன்களோடு வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தகுந்த இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. ஒரு காலை இழந்த குணால் சிங் என்ற காவலரைத் தகுதியற்றவர் என்று அனுப்பியபோது, உச்ச நீதிமன்றம் 2003-இல் அவர் பக்கம் நின்றது. அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாயிற்றே என்ற வாதம் எடுபடவில்லை.

‘எனக்குக் குறைபாடு 40 சதவீதம் இருக்குமா?’ என்று நீங்கள் யோசிப்பீர்கள். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவு. 20(4)-இல் அந்த எண் இல்லை. வேலையைச் செய்யத் தேவையான நியாயமான வசதியைக் கேட்பதற்கும் அந்த அளவு வேண்டாம் என்பதை 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது சட்டம். இன்னொன்றும் இருக்கிறது. நரம்புக் காரணத்தால் பேச்சும் மொழியும் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது இந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு வகைக் குறைபாடு. சொல் வராத பிரச்சினை சரியாகிவிட்டால் மிகவும் சந்தோஷம். பல மாதங்கள் கழித்தும் நிலைத்திருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. போர்ட்டலில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இப்போதே வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

இனி சான்றிதழுக்கு வருவோம். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மருத்துவ விடுப்பிலிருந்து திரும்புகிறவர் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும் என்பது விடுப்பு விதி. அதை அலுவலகம் கேட்பதில் தவறில்லை. ஆனால் மேலதிகாரி கேட்டார் என்பதற்காக டாக்டரிடம் கெஞ்சி ‘முழுத் தகுதி’ என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள். நாளைக்கு மதியத்தில் தலை சுற்றி ஒரு டிராஃப்ட் தப்பாகப் போனால், அதே தாளைக் காட்டி, ‘நீங்கள்தானே முழுத் தகுதி என்றீர்கள்’ என்று மெமோ வரும். ‘லைட் டியூட்டி’ என்ற சொல்லும் போதாது. லைட் என்றால் என்ன என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் சொல்வார்கள். டாக்டர் இப்படி எழுதட்டும்: பணியில் சேரத் தகுதியானவர், இத்தனை மாதங்களுக்கு மாலை நேரம் தாண்டிய வேலை வேண்டாம், உத்தரவுகளை எழுத்தில் தந்தால் நல்லது, கூட்டங்களில் குறிப்பெடுக்கும் பொறுப்பு வேண்டாம், ஃபாலோ-அப் நாட்களில் அனுமதி வேண்டும், இன்ன தேதியில் மறுபரிசோதனை. நீங்கள் செய்யக்கூடியது முதலில் வரட்டும், கூடாதது பிறகு வரட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் வேலை பார்த்தால் முழுச் சம்பளம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடம்பு முடியாத மதியங்களுக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு உண்டு, அப்புறம் உங்கள் கணக்கில் உள்ள மற்ற விடுப்பு. அதை ஒரே மூச்சில் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஜாய்னிங் ரிப்போர்ட்டோடு ரிசிப்ட் பிரிவில் கொடுத்து டைரி எண் வாங்குங்கள். மேலதிகாரியின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதே நாளில் அலுவலக மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ‘இன்ன தேதியில் சேர வந்தேன், திருப்பி அனுப்பப்பட்டேன்’ என்று அந்த மூன்று வாரத்தையும் கடிதத்தில் பதிவு செய்யுங்கள். அந்த நாட்களை உங்கள் விடுப்பில் கழிக்காமல் கட்டாயக் காத்திருப்பாக, அதாவது பணிக்காலமாகக் கருத வேண்டும் என்றும் கேளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ‘சேர்க்க முடியாது’ என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடனேயே பல அதிகாரிகள் சட்டத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

அதற்கும் அசையாவிட்டால், அதே 2016 சட்டத்தின் 23-வது பிரிவின்படி உங்கள் அலுவலகத்தில் நியமிக்கப்பட்டிருக்க வேண்டிய குறைதீர் அதிகாரியிடம் புகார் கொடுங்கள். பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கும் எழுதலாம். கடைசிப் படி, மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கிற மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மறுத்து உத்தரவு வந்தால் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மனுவுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள் போகலாம். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண் என்பதால் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கடிதம் எழுதும்போது சொல் தடுக்கினால் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். காலையில், தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.